எத்தனை பேரில் ஒருவர்? வைரஸ் நோயும் இளவயதின் ஆபத்துக் கணக்கும்

பள்ளிகள் திறந்து, இடவப்பாதி மழையும் இறங்கிய சில வாரங்களில் குமரி மாவட்டத்தில் காய்ச்சல் பேச்சு ஆரம்பித்துவிடும். பக்கத்துக் கேரளத்தில் புதிதாக ஏதாவது வைரஸ் தலைகாட்டினால் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் சுகாதாரத் துறையினர் வந்து நிற்பார்கள். அதே நாளில் மார்த்தாண்டம் டீக்கடைகளில் இரண்டு கட்சிகள் பிரியும்.

"இளவட்டங்களை அது ஒன்றும் செய்யாது மக்களே. இரண்டு நாள் கஞ்சி குடித்துப் படுத்தால் எழுந்துவிடலாம்" என்பது ஒரு கட்சி. "பேப்பரில் பார்த்தீர்களா அண்ணாச்சி? செத்தது இருபத்திரண்டு வயதுப் பையன்" என்பது இன்னொரு கட்சி. டீ ஆறும் வரை பேசினாலும் முடிவு வராது. இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள் என்பதுதான் காரணம். ஒருவர் பெரும்பாலானவர்களுக்கு என்ன நடக்கும் என்று சொல்கிறார். மற்றவர் ஒருவருக்கு என்ன நடந்தது என்று சொல்கிறார். கேள்வி வேறு வேறாக இருக்கும்போது பதில்கள் எப்படி மோதும்?

மருத்துவக் கணக்கில் ஆபத்து என்பது ஒரு பின்னம். மேலே இருப்பது கெடுதல் நேர்ந்தவர்களின் எண்ணிக்கை. கீழே இருப்பது அந்தக் கெடுதல் நேரக்கூடிய நிலையில் இருந்த எல்லோருடைய எண்ணிக்கை. செய்திகளில் மேல் எண் மட்டும்தான் வரும். கீழ் எண்ணை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். இளைஞர்களுக்கு ஒரு வைரஸ் எவ்வளவு ஆபத்து என்ற விவாதத்தில் பாதிக்கு மேல் இந்தக் கீழ் எண்ணைப் பற்றிய சண்டைதான் என்பது என் எண்ணம்.

கீழ் எண் எங்கே?

ஓர் ஊரில் ஆயிரம் பேருக்கு ஒரு வைரஸ் தொற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். 900 பேருக்கு வெறும் மூக்கொழுகல், உடம்புவலி. சுக்குக் காப்பி குடித்து வீட்டிலேயே தேறிவிடுகிறார்கள். மீதி 100 பேர் மருத்துவமனைக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொள்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் இறந்துபோகிறார்கள். பரிசோதனையில் உறுதியானவர்களைக் கீழே வைத்து வகுத்தால் இறப்பு 2 சதவீதம். தொற்றிய எல்லோரையும் கீழே வைத்தால் 0.2 சதவீதம். அதே ஊர், அதே வைரஸ், அதே இரண்டு மரணங்கள். ஆனால் பத்து மடங்கு வித்தியாசம். முதல் எண்ணை நோயாளர் இறப்பு விகிதம் என்றும் இரண்டாவதைத் தொற்று இறப்பு விகிதம் என்றும் சொல்லலாம். புதிய நோய் ஒன்று வந்த முதல் மாதங்களில் கையில் இருப்பது முதல் எண் மட்டும்தான். ஆகவே தொடக்கத்தில் எந்த நோயும் உள்ளதைவிடக் கொடியதாகத் தெரிய வாய்ப்பு அதிகம்.

இளவயதினர் விஷயத்தில் இந்தக் குழப்பம் இன்னும் பெரிது. லேசாக வந்து போவதும், பரிசோதனைக்கே போகாமல் இருப்பதும் அவர்களிடம்தானே அதிகம். கொரோனாவின் இரண்டாம் அலை தணிந்த நேரத்தில், 2021 ஜூன், ஜூலை மாதங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நான்காவது முறையாக ரத்தத்தில் நோய் எதிர்ப்புப் பொருளைத் தேடியது. 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 57.2 சதவீதத்தினரிடமும், 10 முதல் 17 வயதினரில் 61.6 சதவீதத்தினரிடமும் அது இருந்தது. அந்த வயதினருக்கு அப்போது தடுப்பூசியே தொடங்கவில்லை. அப்படியானால் நாட்டின் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தொற்று வந்து போய்விட்டது என்று பொருள். எத்தனை தாய்மாருக்கு அது தெரியும்? தங்கள் பிள்ளைக்குக் கொரோனா வரவே இல்லை என்று இன்றும் உறுதியாகச் சொல்லும் வீடுகளில் பலவற்றில் அது வந்து, ஒரு நாள் சளியாகக் கடந்து போயிருக்கும்.

மேல் எண்ணும் யோக்கியமானதல்ல. 2021 முடிய இந்தியாவில் கொரோனாவால் இறந்தோர் என்று அரசுக் கணக்கில் பதிவானது சுமார் 4.8 லட்சம். வழக்கத்துக்கு மேற்பட்ட மரணங்களை வைத்து உலக சுகாதார நிறுவனம் போட்ட கணக்கு சுமார் 47 லட்சம். அந்தக் கணக்குமுறையை இந்திய அரசு ஏற்கவில்லை. எது சரி என்ற வழக்குக்குள் நாம் போக வேண்டாம். மேலேயும் கீழேயும் விடுபடல் இருக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்; தொலைக்காட்சியில் ஒரு சதவீதம் ஓடும்போது உடனே குதிக்கவும் தோன்றாது, உடனே ஆறுதல்படவும் தோன்றாது.

வயது என்ற ஏணி

கொரோனாவைப் போல வயதைப் பார்த்து ஆளைப் பிரித்த வைரஸ் அபூர்வம். தடுப்பூசிக்கு முன், 2020இல் வசதியான நாடுகளின் தரவுகளைச் சேர்த்துச் செய்த ஓர் ஆய்வுக் கணக்கு இது. தொற்று வந்தால் இறக்கும் வாய்ப்பு 10 வயதில் 50,000 பேரில் ஒருவர். 25 வயதில் 10,000 பேரில் ஒருவர். 55இல் 250 பேரில் ஒருவர். 65இல் ஏறத்தாழ 70 பேரில் ஒருவர். 75இல் 22 பேரில் ஒருவர். 85இல் ஏழு பேரில் ஒருவர். பேரனுக்கும் பாட்டாவுக்கும் நடுவே ஆயிரம் மடங்குக்கு மேல் இடைவெளி. ஒரே வைரஸ் இரண்டு பேருக்கும் இரண்டு வேறு நோய் என்று சொன்னாலும் தவறில்லை.

ஆனால் இந்த ஏணியை அப்படியே தூக்கிவந்து குமரியில் சாத்த முடியாது. வளரும் நாடுகளில் அதே வயதில் இறப்பு வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது என்று பின்னால் வந்த கணக்குகள் காட்டின. படுக்கையும் ஆக்சிஜனும் நேரத்துக்குக் கிடைக்காதது ஒரு காரணம். இன்னொன்று நம் உடம்பிலேயே இருக்கிறது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு சொன்னது. நம் மக்களுக்குச் சர்க்கரை நோய் இளமையிலேயே வந்துவிடுகிறது. பலர் பரிசோதித்துப் பார்த்ததே இல்லை. முப்பத்தைந்து வயது, நல்ல கட்டுமஸ்தான ஆள், ஒரு நோயும் கிடையாது என்று ஊர் சொல்லும் மனிதருடைய ரத்தத்தில் சர்க்கரை 300 இருக்கலாம். "எந்த நோயும் இல்லாத இளைஞர் பலி" என்ற தலைப்பைப் படிக்கும்போதெல்லாம், அவருக்குக் கடைசியாக எப்போது ரத்தப் பரிசோதனை செய்தார்கள் என்று கேட்கத் தோன்றும்.

இரண்டாம் அலையில் "இம்முறை வைரஸ் இளைஞர்களைக் குறிவைக்கிறது" என்று நாடே நம்பியது நினைவிருக்கலாம். ஆனால் மருத்துவமனை நோயாளிகளின் சராசரி வயது முதல் அலையில் 50, இரண்டாம் அலையில் 49 என்றுதான் 2021 ஏப்ரலில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொன்னது. பிறகு ஏன் இளைஞர்களின் மரணம் அவ்வளவு கேள்விப்பட்டோம்? தொற்றியவர்களின் மொத்த எண்ணிக்கை பல மடங்கு பெருகியது. விகிதம் மாறாவிட்டாலும், மொத்தம் பெருகினால் ஒவ்வொரு வயதிலும் மரணம் பெருகும். அதில் முதியவர் மரணத்தை நாம் துக்கத்தோடு ஏற்றுக்கொள்கிறோம். இளைஞர் மரணம் மட்டும் ஊர் ஊராகப் பேசப்படுகிறது. அதைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் காதில் விழுந்ததை எண்ணி விகிதம் கண்டுபிடிக்கவும் முடியாது.

இதே போன்ற இன்னொரு பொறி, பங்கைப் பார்த்து ஆபத்து என்று படிப்பது. 2020 அக்டோபரில் மத்திய சுகாதார அமைச்சகம் கொடுத்த பிரிவின்படி, கொரோனா மரணங்களில் 53 சதவீதம் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள். அப்படியானால் 47 சதவீதம் அதற்குக் கீழே. "பாதிக்குப் பாதி! பிறகென்ன வயதானவர்களின் நோய்?" என்று கேட்டவர்கள் உண்டு. நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் பத்தில் ஒரு பங்குதான். பத்தில் ஒரு பங்கு மக்களிடமிருந்து பாதிக்கு மேற்பட்ட மரணங்கள். பத்தில் ஒன்பது பங்கு மக்களிடமிருந்து மீதி. தலைக்கு இவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் முதியவரின் ஆபத்து ஏறத்தாழ பத்து மடங்கு. அதே பட்டியலில் 25 வயது வரையுள்ளவர்களின் பங்கு 2 சதவீதம்தான். நாட்டு மக்கள் தொகையிலோ அவர்கள் பாதியை நெருங்குகிறார்கள்.

தடுப்பூசி வந்த வரிசையும் இந்த ஏணியைப் பார்த்துப் போட்டதுதான். 2021 ஜனவரி 16 அன்று மருத்துவப் பணியாளர்களிடம் தொடங்கி, மார்ச்சில் 60 தாண்டியவர்கள், ஏப்ரலில் 45 தாண்டியவர்கள், மே மாதம் 18 தாண்டியவர்கள் என்று இறங்கிவந்தது. 15 வயதுப் பிள்ளைகளுக்கு 2022 ஜனவரி 3 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் எல்லா வைரஸும் கொரோனா அல்ல

இதுதான் பலரும் தவறவிடும் இடம். கொரோனாவில் கற்ற பாடத்தை வைத்துக்கொண்டு, இளமை என்பது எல்லா வைரஸுக்கும் கேடயம் என்று முடிவுகட்டிவிட்டோம்.

1918இன் இன்ஃபுளுவன்சாவைப் பாருங்கள். இந்தியாவில் மட்டும் 1.2 கோடி முதல் 1.8 கோடி வரை இறந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. குழந்தைகளும் முதியவர்களும் சாவது எந்தச் சளிக்காய்ச்சலிலும் நடப்பது. அந்தக் காய்ச்சலோ 20 முதல் 40 வயதுக்குள் இருந்தவர்களையும் வாரிக்கொண்டு போனது. ஏன் என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. முதியவர்கள் இளமையில் ஒத்த வைரஸ் ஒன்றைச் சந்தித்திருந்ததால் தப்பினார்கள் என்பது ஒரு விளக்கம். 2009இல் வந்த பன்றிக்காய்ச்சலிலும் இதே கதை சிறிய அளவில் நடந்தது. உலக அளவில் அதில் இறந்தவர்களில் சுமார் 80 சதவீதம் 65 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் என்று மதிப்பிடப்பட்டது.

சின்னம்மை நோயில் வயது வேறு விதமாக விளையாடுகிறது. சின்னப் பிள்ளைக்கு வந்தால் வேப்பிலையைத் தலைமாட்டில் வைத்து, ஒரு வாரம் பள்ளிக்கு அனுப்பாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் போய்விடும். கல்லூரி வயதைத் தாண்டி வந்தால் நுரையீரலில் இறங்கும் அபாயம் கூடுகிறது. பெரியவர்களின் இறப்பு விகிதம் பிள்ளைகளைப் போல இருபது மடங்குக்கு மேல். மஞ்சள் காமாலை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸும் அப்படித்தான். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 70 சதவீதம் பேருக்கு அறிகுறியே தெரியாது. வளர்ந்தவர்களில் 70 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்குக் கண் மஞ்சளாகிவிடும். இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. சுகாதாரம் கெட்ட ஊரில் எல்லோருக்கும் சிறுவயதிலேயே இது வந்து, தெரியாமல் போய், ஆயுளுக்கும் எதிர்ப்புச் சக்தி கிடைத்துவிடும். கழிப்பறையும் நல்ல தண்ணீரும் வந்த ஊரில் பிள்ளைகள் இதைச் சந்திக்காமலே வளர்கிறார்கள். பிறகு இருபது வயதில் ஒரு கல்யாண வீட்டு வெல்கம் டிரிங்கில் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். கேரளத்தில் சமீப ஆண்டுகளில் இளைஞர்களிடையே காமாலை கொத்துக்கொத்தாக வந்ததற்கு மருத்துவர்கள் சொல்லும் காரணங்களில் இது ஒன்று. நம் மாவட்டமும் அந்தப் பாதையில்தான் போய்க்கொண்டிருக்கிறது. அதற்காகக் கழிப்பறையை இடித்துவிட முடியாது; கொதிக்க வைத்த தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடிக்கலாம்.

குமரிக்காரர்கள் வயதுக் கணக்கைக் கற்றுக்கொள்ள வேண்டிய நோய் டெங்கு. குலசேகரம், அருமனை, கடையாலுமூடு பக்கம் ரப்பர் தோட்டங்களில் நடந்து பாருங்கள். ஒவ்வொரு மரத்திலும் இடுப்பளவு உயரத்தில் பால் சேர்க்க ஒரு சிரட்டையோ பிளாஸ்டிக் கிண்ணமோ கம்பியில் மாட்டியிருக்கும். பால்வெட்டு நடக்கும் நாட்களில் அதில் தினமும் கை படும். கொசு வளர இடமில்லை. மழை பிடித்து வெட்டு நின்றுபோனால் அதே சிரட்டையில் தண்ணீர் தேங்கும். கவிழ்த்து வைக்காமல் விட்ட ஒரு தோட்டத்தில் எத்தனை மரமோ அத்தனை தொட்டி. அதில் பெருகுவது உடம்பெல்லாம் வெள்ளைக் கோடு போட்ட ஏடிஸ் வகைக் கொசு. வீட்டைச் சுற்றிக் கிடக்கும் கமுகுப் பாளையும் அதற்குப் போதும். அது பகலில் கடிக்கும். கொசுவலை போட்டுத் தூங்கும் பாட்டியைவிட, விடியற்காலையில் மரத்தடியில் நிற்கும் தொழிலாளியும், தோட்டத்து வழியாகப் பள்ளிக்குப் போகும் பிள்ளையும்தான் அதற்குக் கிடைப்பார்கள்.

டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு மட்டும்தான் நீண்டகாலப் பாதுகாப்பு. வேறொரு வகை இரண்டாம் முறை வரும்போது, முதல் முறையில் உருவான எதிர்ப்புப் பொருளே வைரஸ் செல்லுக்குள் நுழையத் துணைபோய்விடலாம். கடுமையான டெங்கு பெரும்பாலும் இரண்டாம் தொற்றில் வருவதற்கு இதுவே காரணமாகச் சொல்லப்படுகிறது. 2017, 2018 ஆண்டுகளில் 5 முதல் 45 வயது வரையுள்ளவர்களிடம் எடுத்த தேசிய ரத்த ஆய்வில், தென்னிந்தியாவில் 76.9 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே டெங்கு வந்துபோன தடயம் இருந்தது. அதாவது, இங்கே வளர்ந்த இருபது வயதுக்காரர் ஒருவருக்கு இப்போது வரும் டெங்கு அவருக்கு இரண்டாவதாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. முதலாவது எப்போது வந்தது என்று அவருக்கே தெரிந்திருக்காது. பிள்ளைகளிடம் ரத்தக்குழாய்கள் எளிதில் கசிவதால் அதிர்ச்சி நிலை வேகமாக வருகிறது. இங்கே இளமை கேடயமாகாது. ஆனால் நேரத்தோடு சரியான மருத்துவம் கிடைத்தால் கடுமையான டெங்கிலும் இறப்பு ஒரு சதவீதத்துக்குக் கீழே நிற்கிறது. கிடைக்காவிட்டால் 20 சதவீதம் வரை போகலாம். வைரஸ் அதுதான். எப்போது மருத்துவமனைக்குப் போனார் என்பதில்தான் வித்தியாசம்.

நிபா இன்னொரு கோடியில் இருக்கிறது. தொற்றியவர்களில் 40 முதல் 75 சதவீதம் வரை இறக்கிறார்கள், வயது பார்ப்பதில்லை. 2018 மே மாதம் கோழிக்கோட்டில் அது வந்தபோது நோயாளியைப் பராமரித்த செவிலியர் லினியும் இறந்தார். ஆனால் அது கொரோனா போல ஊரெல்லாம் பரவவில்லை. பெரும்பாலும் நோயாளியின் அருகில் இருந்தவர்களோடு நின்றுவிட்டது. ஆபத்து என்பது இரண்டு வாய்ப்புகளின் பெருக்கல்: தொற்று வரும் வாய்ப்பு ஒன்று, வந்தால் கெடுதல் நேரும் வாய்ப்பு இன்னொன்று. நிபாவில் முதலாவது மிகச் சிறியது, இரண்டாவது மிகப் பெரியது. இருபது வயதுக்காரருக்குக் கொரோனாவில் முதலாவது பெரியது, இரண்டாவது சிறியது. பஸ்ஸில் நின்றபடியே திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள், தூத்தூரிலிருந்து வாரக்கணக்கில் ஒரே விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள், விடுதியில் ஓர் அறைக்கு நான்கு பேராகத் தங்கும் மாணவர்கள் இவர்களெல்லாம் இளையவர்கள்தான். இந்தியாவின் முதல் கொரோனா நோயாளியாக 2020 ஜனவரி 30 அன்று கண்டறியப்பட்டவரே வூஹானில் படித்துவிட்டுத் திருச்சூர் திரும்பிய மருத்துவ மாணவர் என்பதில் ஆச்சரியம் இல்லை. ஊர் விட்டு ஊர் நடமாடுவது அந்த வயதுதானே.

யாருக்கு ஆபத்து?

பத்தாயிரத்தில் ஒருவர் என்பது ஒரு இளைஞரின் பார்வையில் தள்ளிவிடக்கூடிய எண். மாவட்ட ஆட்சியரின் மேசையில் அதே எண் வேறு முகம் காட்டும். 2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தின் மக்கள் தொகை 18.7 லட்சம். இதில் 5 லட்சம் பேர் இளவயதினர் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் தொற்று வந்தால், பத்தாயிரத்துக்கு ஒருவர் வீதம் 50 மரணங்கள். மருத்துவமனையில் படுக்க வேண்டியவர்கள் அதைப்போலப் பல மடங்கு. அவர்கள் எல்லோரும் ஒரே மாதத்தில் வந்து நின்றால், பிரசவத்துக்கு வந்தவருக்கும் விபத்தில் அடிபட்டு வந்தவருக்கும் படுக்கை இருக்காது. தனிமனிதருக்குச் சிறிய ஆபத்து, சமூகத்துக்குப் பெரிய சுமை. இரண்டு வாக்கியங்களும் ஒரே நேரத்தில் சரி.

2020 அக்டோபரில் உலக அளவில் நடந்த சண்டையும் இதைச் சுற்றியதுதான். ஆக்ஸ்ஃபோர்டின் சுனேத்ரா குப்தா, ஸ்டான்ஃபோர்டின் ஜெய் பட்டாச்சார்யா, ஹார்வர்டின் மார்ட்டின் குல்டார்ஃப் மூவரும் அமெரிக்காவின் கிரேட் பாரிங்டனில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஆபத்து குறைந்த இளையோர் இயல்பாக வாழட்டும், முதியவர்களை மட்டும் தனியே பாதுகாப்போம் என்றார்கள். பள்ளிகளை மூடிவைப்பதால் பிள்ளைகளுக்கு நேரும் இழப்பைச் சத்தமாகச் சொன்னது அதன் பலம். அந்த இழப்பை நாம் இன்னும் முழுதாகக் கணக்குப் போடவில்லை. அதே மாதம் வேறு விஞ்ஞானிகள் சேர்ந்து 'ஜான் ஸ்நோ' அறிக்கை என்ற பெயரில் மறுத்தார்கள். கட்டுக்கடங்காமல் பரவும் நோயிலிருந்து ஒரு பகுதி மக்களை மட்டும் பிரித்துக் காப்பது நடைமுறையில் முடியாது என்பது அவர்கள் வாதம்.

எனக்குக் கிரேட் பாரிங்டன் திட்டத்தைக் கருங்கல், திங்கள்சந்தை வீடுகளில் பொருத்திப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. மகன் வளைகுடாவில், மருமகள் பள்ளி ஆசிரியை, பேரனுக்குச் சோறு ஊட்டுவது பாட்டி, டியூஷனுக்குக் கொண்டுபோய் விடுவது பாட்டா. ஒரு குளியலறை. இதில் யாரை யாரிடமிருந்து எந்த அறையில் பிரிப்பது? பிள்ளைக்குப் பெரிய ஆபத்து இல்லை என்பது சரி. பிள்ளையின் வழியாக வீட்டுக்குள் வரும் ஆபத்து பிள்ளையின் கணக்கில் வராது, பாட்டாவின் கணக்கில் வரும்.

பிறக்காத குழந்தையின் கணக்கும் ஒன்று உண்டு. 2021 ஜூலையில் கேரளத்தில் முதன்முதலாக ஜிகா வைரஸ் உறுதியானது நம் எல்லையை ஒட்டிய பாறசாலைப் பகுதியில்தான். ஜிகா தொற்றுவோரில் பெரும்பாலானவர்களுக்கு அறிகுறியே இருக்காது. தொற்றியவரளவில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் கர்ப்ப காலத்தில் தொற்றினால், பிறக்கும் குழந்தைகளில் 5 முதல் 15 சதவீதம் வரை பாதிப்பு இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஜெர்மன் தட்டம்மை எனப்படும் ருபெல்லாவும் இதே ரகம்.

"இரண்டு மடங்கு" என்ற சொல்லும் திடீர் மரணமும்

"புதிய திரிபால் இளைஞர்களுக்கு ஆபத்து இரண்டு மடங்கு" என்று ஒரு தலைப்பு வருகிறது. எதிலிருந்து இரண்டு மடங்கு? பத்தாயிரத்தில் ஒன்று பத்தாயிரத்தில் இரண்டானால் அதுவும் இரண்டு மடங்கு. இருபதில் ஒன்று பத்தில் ஒன்றானாலும் இரண்டு மடங்கு. முதலாவதில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் கூடுகிறார்; இரண்டாவதில் ஐந்நூறு பேர் கூடுகிறார்கள். மடங்கைச் சொல்கிறவர் அடிப்படை எண்ணைச் சொல்லாவிட்டால், அவர் இன்னும் எதையும் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

கொரோனாவுக்குப் பிறகு குமரியிலும் எல்லா ஊர்களிலும் கிளம்பிய பேச்சு, இளைஞர்கள் திடீரென்று மயங்கி விழுந்து சாகிறார்கள், தடுப்பூசிதான் காரணம் என்பது. உடற்பயிற்சிக் கூடத்தில் ஒருவர், கல்யாண நடனத்தில் ஒருவர் என்று காணொளிகள் சுற்றின. இங்கேயும் கீழ் எண்ணைத்தான் தேட வேண்டும். பெரியவர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஊசி போட்டுக்கொண்ட ஒரு நாட்டில், எந்தக் காரணத்தால் யார் இறந்தாலும் அவர் ஊசி போட்டவராகத்தான் இருப்பார். ஆகவே இறந்தவர்களை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது. அதே வயது, அதே பகுதி, உயிரோடு இருப்பவர்கள். அவர்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் அதைத்தான் செய்தது. 18 முதல் 45 வயதுக்குள் காரணம் விளங்காமல் திடீரென்று இறந்தவர்களை, நாட்டின் 47 மருத்துவமனைகள் வழியாகக் கண்டறிந்து, அதே வயதும் பாலினமும் அக்கம்பக்கமும் ஒத்தவர்களோடு ஒப்பிட்டது. 2023இல் வந்த முடிவின்படி தடுப்பூசி திடீர் மரண ஆபத்தைக் கூட்டவில்லை. கூட்டியவை வேறு: கொரோனாவுக்காக மருத்துவமனையில் படுத்திருந்தது, குடும்பத்தில் யாராவது திடீரென்று இறந்திருப்பது, இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள் அளவுக்கு மீறிக் குடித்தது, அதே நேரத்துக்குள் மிகக் கடுமையாக உடலை வருத்தியது. எந்த மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு; கோவிஷீல்டு போட்டவர்களில் மிக அரிதாக ரத்தம் உறையும் கோளாறு வந்ததை யாரும் மறைக்கவில்லை. ஆனால் அதையும் எத்தனை பேரில் ஒருவர் என்று கேட்டு, நோய் தரும் ஆபத்தோடு பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மரணம் மட்டுமே கெடுதல் என்ற எண்ணத்தையும் கொஞ்சம் விலக்கி வைக்கலாம். தொற்று போய் மூன்று மாதமாகியும் களைப்பு, மூச்சிரைப்பு, கவனக்குறைவு தொடர்ந்தால் அதை நீண்டகால கொரோனா என்கிறார்கள், இளையவர்களுக்கும் வருகிறது. மரக்கிளையில் தொங்கி வேலை செய்யும் ஒருவருக்கு ஆறு மாதம் மூச்சிரைத்தால் எந்த இறப்பு விகிதத்திலும் அது பதிவாகாது. வீட்டு வருமானத்தில் பதிவாகும்.

அடுத்த மழைக்காலக் காய்ச்சலுக்கு இதை எப்படிப் பயன்படுத்துவது? செய்தி எதுவானாலும் முதலில் எந்த வைரஸ் என்று கேளுங்கள்; வயது விதி நோய்க்கு நோய் மாறும். பிறகு எத்தனை பேரில், எந்த வயதில், யார் எண்ணியது என்று கேளுங்கள். காய்ச்சல் உங்கள் வீட்டுக்கே வந்துவிட்டால் இந்தச் சதவீதங்களை மூட்டை கட்டிவிட்டு ஆளைப் பாருங்கள். டெங்கு சந்தேகம் இருந்தால் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை, குறிப்பாக ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும், மருந்துக்கடையில் கேட்டு வாங்க வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். பிளேட்லெட் எண்ணிக்கை ஒன்றையே பிடித்துக்கொண்டு பப்பாளி இலை தேடி ஓடுவதும் வேண்டாம். உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டிப்படுவது.

அந்தக் கசிவு காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே, காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் வரும். பையனுக்கு உடம்பு குளிர்ந்துவிட்டது, நாளை வேலைக்குப் போகலாம் என்று வீடு நிம்மதி அடையும் அந்த ஒன்றிரண்டு நாட்களில்தான் விழித்திருக்க வேண்டும். தாங்க முடியாத வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கைகால் சில்லிடுவது, காரணமில்லாத அமைதியின்மை அல்லது அசதி, சிறுநீர் குறைவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வயது இருபதா எழுபதா என்று யோசிக்காமல் பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போய்விடுங்கள். வண்டி இல்லாவிட்டால் 108.